கயிறு பிடித்த கை

பழைய போட்டோ ஒன்றில் மாடு நின்றால் நான் முதலில் அதன் காதைத்தான் பார்ப்பேன். காது கூர்மையாக விழுந்திருந்தால் ஷட்டர் வேகமாக மூடியிருக்கிறது. காது இரண்டாகத் தெரிந்து, வாலிருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை மட்டும் கிடந்தால், கமராக்காரன் லென்சின் மூடியைக் கையால் கழற்றி, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் திரும்ப மூடியிருக்கிறான். ஈ மொய்க்கும் மாடு மூன்று விநாடிக்குக் காதை ஆட்டாமல் நிற்காது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாட்டுக்காரனுக்கு மகனாகப் பிறந்து, பதினாறு வயதில் கண்டி டவுன் ஸ்டூடியோ ஒன்றின் இருட்டறைக்குள் போனவனுக்குத் தானாக வந்த அறிவு.

போன வருஷம் பழைய சாமான் விற்கும் ஒரு தெரிந்தவர் அம்பிட்டியவில் என் வீடு தேடி வந்தார். கையில் பழுப்பேறிய படம் ஒன்று. கோழிமுட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டது. அந்தக் காலத்துத் தாளுக்கே உரிய அந்த மெல்லிய மினுக்கம் இன்னும் இருந்தது. பின்பக்கம் பென்சிலால் கண்டி வீதி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எடுத்தவர் பெயர் இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார், விற்குமுன் நல்ல கொப்பி ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்றார்.

கிடுகு வேய்ந்த கரத்தைகள் ஐந்து, மலைச்சரிவை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. நுகம் அவிழ்த்த மாடுகளை எண்ணினேன், பதின்மூன்று. ஆட்களை எண்ணினேன்; ஒருவன். அவனையும் ஆள் என்று சொல்ல முடியாது, ஆள் நின்ற அடையாளம் என்று சொல்லலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பாதங்கள் தெளிவாக இருக்கின்றன. முழங்காலுக்கு மேலே எல்லாம் கரைந்துபோய்ப் பின்னால் உள்ள கரத்தைச் சில்லு அவனுக்கு ஊடாகத் தெரிகிறது. அவன் பக்கத்தில் நிற்கும் காளை மட்டும் சிலை மாதிரி. காது, கொம்பு, திமில், மூக்கணாங்கயிற்றின் முறுக்கு வரை விழுந்திருக்கிறது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. காளை மிரண்டிருக்கிறது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நிற்கும் வெள்ளைக்காரனைக் கண்டால் எந்தக் காளையும் மிரளும். இவன் காலை ஊன்றியபடி உடம்பைத் திருப்பி, அதன் தாடையைத் தடவி, கழுத்தைச் சொறிந்து அமர்த்தியிருக்கிறான். அவன் அசைந்ததால் மாடு அசையவில்லை. மாடு படத்தில் விழுந்தது, அவன் அழிந்துபோனான்.

இந்த மலைநாட்டின் கறுப்பு வெள்ளைப் படங்களில் மாடு மேய்த்தவனுக்கும் ஓட்டியவனுக்கும் நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் எல்லாப் பழியையும் மெதுவான ஷட்டர் மேல் போட முடியாது.

கண்டியில் கமரா கடை விரித்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் 1866 அளவில் வந்து இங்கே ஸ்டூடியோ வைத்தார். அநுராதபுரம், மிகிந்தலை, பொலநறுவை, சிகிரியா இடிபாடுகளைத் தொல்பொருள் குழுவுக்காக 1870, 71இல் படமெடுத்தவர் அவர்தான். உடம்பு கெட்டு 1872இல் ஊர் திரும்பி, அந்த வருஷமே இறந்துபோனார். அவருக்குப் பின் சார்ல்ஸ் ஸ்கோவன். கண்டியில் ஒரு கமிஷன் ஏஜெண்டிடம் உதவியாளாக வந்து, 1876இல் சொந்தமாக ஸ்டூடியோ திறந்துவிட்டார். ஸ்கோவனின் மரம் செடி கொடிப் படங்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமை வரும். பேராதனைத் தோட்டத்து மூங்கில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூச்சு விடுவது போலிருக்கும். மூங்கில் காதை ஆட்டாது, அது வேறு விஷயம்.

அந்த முதல் தலைமுறை வேலை செய்தது ஈரத்தட்டில். கண்ணாடித் தட்டின் மேல் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைத்திரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் கமராவில் மாட்டி, எடுத்து, காயுமுன்னே கழுவிவிட வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து நிமிஷம். வெயிலில் இன்னும் குறையும். அதனால் இருட்டறையையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும்: கூடாரம், கண்ணாடிப் பெட்டி, மருந்துப் போத்தல்கள், தண்ணீர். இவ்வளவையும் மலை மேலே கொண்டுபோனது எது? கரத்தையும் மாடும் கூலியாளின் தலையும்தான். படமெடுக்க வந்த வண்டியே படத்தில் நிற்காமல் கமராவுக்குப் பின்னால் நின்றிருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தத் தட்டுக்கு நீல வெளிச்சம் மட்டுமே நன்றாகத் தெரியும். பச்சைக்கும் சிவப்புக்கும் அது குருடு. வானம் வெறும் வெள்ளையாக வரும். எங்கள் கண்டி மேகத்தின் ஒரு சுருள்கூட வராது. செவலை மாடு கறுப்பாக வரும். வெயிலில் கறுத்த மனிதன் இன்னும் கறுப்பாக, அவன் வேட்டி மட்டும் வெள்ளைத் தீயாக எரியும். வேட்டிக்கு நேரம் கணக்குப் பார்த்தால் முகம் போய்விடும், முகத்துக்குக் கணக்குப் பார்த்தால் வேட்டி போய்விடும். கமராக்காரர்கள் வேட்டிக்கே கணக்குப் பார்த்தார்கள்.

சரி, அது மருந்தின் குறை. 1880களில் காய்ந்த ஜெலட்டின் தட்டு வந்துவிட்டது. விநாடியின் சிறு பகுதியில் படம் எடுக்கலாம்; ஓடுகிற மாட்டையும் நிறுத்தலாம். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனி போன்றவர்கள் இந்த நாட்டுக் காட்சிகளைப் போஸ்ட்காட்டாக அடித்துக் கப்பல் பயணிகளுக்கு விற்றார்கள். கரத்தை வந்தது, எருமை வந்தது, யானை வராத போஸ்ட்காட் உண்டா? மாட்டுக்காரனும் இப்போது கலையாமல் நின்றான். ஆனால் கீழே எழுதியிருப்பது மாட்டு வண்டி என்றோ தமிழ்க் கூலி என்றோ இருக்கும். வாங்குகிறவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. தட்டின் குருட்டுத்தனம் நீங்கி வெகு காலம் ஆன பிறகும் பார்க்கிறவனின் கண் பழைய தட்டாகவே இருந்தது.

கமராவுக்கு முந்திய காலத்து மாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்ததாகவே தெரிகிறது. கண்டி இராச்சியத்தில் மடிகே பத்த என்று ஒரு பிரிவு இருந்தது. பொதிமாட்டுப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட அரச பிரிவு. அதில் சோனகர்கள் முக்கியமான பங்கு வகித்தார்கள். இந்தப் பக்கத்தில் மடிகே என்று பெயர் தாங்கிய ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் ஏறி வரும், திரும்பிப் போகையில் பாக்குப் போகும். அந்தப் பொதிமாட்டு வரிசைக்குச் சிங்களத்தில் தவலம என்று பெயர். நமக்கு அது தெரிந்த சொல்தான்: தாவளம், தங்குமிடம். இராத்தங்கலுக்குப் பொதியிறக்கிப் படுத்த இடத்தின் பெயர் நடந்துபோன வரிசைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நடப்பவனுக்கு நினைவில் நிற்பது தங்கிய இடம்தானே.

இன்னொரு வேடிக்கை. 1802இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவி என்ற இரசாயன விஞ்ஞானி, தோமஸ் வெட்ஜ்வூட் என்பவரின் பரிசோதனையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வெள்ளி நைத்திரேட் பூசிய தாளில் வெளிச்சத்தால் உருவம் விழச் செய்யலாம் என்று கண்டார்கள். விழுந்த உருவத்தை நிறுத்தி வைக்கத்தான் தெரியவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒளித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்கள். பகலில் எடுத்தால் தாள் முழுவதும் கறுத்துவிடும். எங்கள் ஸ்டூடியோவில் ஹைப்போ போத்தல் காலியான நாட்களில் நான் அந்த டேவியை நினைத்துக்கொள்வேன். அவருடைய தம்பி ஜோன் டேவி இராணுவ மருத்துவராக இலங்கைக்கு வந்து, கண்டிச் சீமையெல்லாம் சுற்றி, 1821இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதில் இங்குள்ள சாதிகளைச் சொல்லும்போது மாடு மேய்க்கும் நிலமக்காரயோ பற்றியும் எழுதியிருக்கிறார். அவர்களைப் பட்டி என்றும் சிங்களத்தில் சொல்வதுண்டு. நாங்கள் தொழுவத்துக்குச் சொல்லும் அதே பட்டி. அண்ணனால் நிறுத்த முடியாத உருவத்தைத் தம்பி மையால் ஒரு வரி எழுதி நிறுத்திவிட்டார்.

பிறகு வந்தது கோப்பி. 1820களில் கொழும்புக்கும் கண்டிக்கும் ரோட்டு வெட்டத் தொடங்கினார்கள். அதை வெட்டிய கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் கோபுரம் நிற்கிறது. ரோட்டோடு கரத்தை வந்தது, கரத்தையோடு பொதிமாட்டின் காலம் முடிந்தது. 1867இல் ரயில் கண்டிக்கு வரும் வரை கோப்பி மூட்டை பெரும்பாலும் மாட்டுக் கழுத்தின் மேல்தான் கொழும்புக்குப் போனது. ரயில் வந்த பிறகும் ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு மாடுதான். எங்கள் அம்பிட்டிய ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்டி வாவியைச் சுற்றி மேலேறி, 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகத் தொடக்கிய குருமடத்தைக் கடந்து, தலாத்துஓயா, ஹேவாஹெட்ட என்று போகிறது. அந்தப் பக்கத்தில்தான் லூல்கந்துர இருக்கிறது. ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். உலகத்துக்கு அந்த 19 ஏக்கர் தெரியும். அந்தத் தேயிலைப் பெட்டிகள் எந்த மாட்டின் தோளில் ஏறி இறங்கின என்பதை மாடும் மாட்டுக்காரனும்தான் அறிவார்கள்.

வடக்கு ஐரோப்பாவின் மேய்ச்சல் நிலத்தையே இங்கே பெயர்த்து வைக்கப் பார்த்தவர்களும் உண்டு. சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கவென்று டர்ஹம் பசு, காளை, செம்மறிக் கிடாய்கள் எல்லாம் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அந்தப் பசு மலையேறி முடியவில்லை, வழியிலேயே செத்துப்போயிற்று. அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எங்கள் நாட்டு மாடு சின்னது, பால் குறைவு, ஆனால் மலை ஏறும்.

தோட்டத்து மாட்டுக்கு வண்டி இழுப்பது தவிர இன்னொரு வேலையும் இருந்தது: சாணி போடுவது. கோப்பிக் காலத்தில் உரத்துக்காகவே மாட்டுக்கொட்டகை கட்டினார்கள். மானாப்புல் வெட்டிப் படுக்கை போட்டு, சாணியும் மூத்திரமும் ஊறிய புல்லைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து ஒவ்வொரு கோப்பிச் செடிக்கும் கொட்டினார்கள். 1869இல் இலைநோய் தலைகாட்டிய பிறகு எவ்வளவு சாணி கொட்டியும் செடி பிழைக்கவில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது. கொட்டகையும் மாட்டுக்காரனும் அப்படியே நின்றார்கள்.

என் தாத்தா அந்த வரிசையில் வந்தவர். அப்பாவும். தலாத்துஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரை பங்களாவுக்குப் பால் கறப்பது, தோட்டத்து மாட்டைப் பத்திக்கொண்டு போய் மேய்ப்பது, புல் வெட்டுவது. பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் பேர் போட்ட பிறகு கடைசியாக அப்பாவுக்குப் போடுவார்கள். காலை நாலு மணிக்கே கொட்டகையில் வேலை தொடங்கியவருக்குப் பேர் விழுவது கடைசியில். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு மாடு இருந்தது, பெயர் மயிலை. அவளுடைய பாலைக் கண்டி டவுனில் விற்றுத்தான் எனக்கு ஸ்லேட்டும் சட்டையும். அப்பா மேய்ச்சலுக்குப் போனால் காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு வருவார். சுண்ணாம்பு தடவிவிடுவது என் வேலை.

1970இல் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். இருட்டறைப் பையன். சிவப்பு பல்ப், மூன்று தட்டு, டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ. வெளிநாட்டுச் சாமான் இறக்கக் கட்டுப்பாடு இருந்த காலம். தாளை மிச்சம் பிடிக்க ஓரத்து வெட்டுத் துண்டிலேயே சோதனைப் படம் போடுவோம். ஒரு தடவை வெளியூர்க் கம்பனி ஒன்று கலண்டருக்குப் படம் கேட்டது. மொதலாளி மகாவலிக் கரையில் எடுத்த படம் ஒன்றை எடுத்தார்: விடியல் பனி, தண்ணீர் குடிக்கும் நாலு மாடு, கரையில் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக் குந்தியிருக்கும் ஆள். எனக்கு அந்த ஆளைத் தெரியும். கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக்காரர், அப்பாவுக்குக் கூட்டாளி.

"தம்பி, அந்த ஆள வெட்டிடு. சீன கெடுக்கிறான்" என்றார் மொதலாளி.

என்லார்ஜரைக் கொஞ்சம் உயர்த்தி, சட்டத்தை இடப்பக்கம் தள்ளினேன். ஆள் போய்விட்டார். அவர் நிழல் மட்டும் தண்ணீரில் நீட்டிக்கொண்டு கிடந்தது. அதையும் அட்டையை ஆட்டி, அந்த இடத்தை மட்டும் மறைத்து வெளுக்கச் செய்தேன். நல்ல வேலை என்று மொதலாளி அன்றைக்குப் பிளேன்டீயோடு பணிஸ் வாங்கித் தந்தார். வெள்ளைக்காரனைச் சொல்லி என்ன, நானும்தான் வெட்டினேன்.

ஸ்டூடியோவின் சோற்றுக்கு வழி கலண்டரோ கலியாணமோ இல்லை, பாஸ்போர்ட் படம். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்று நின்ற எங்கள் சனத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. அந்த மீதியை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கே போவதென்றாலும் விண்ணப்பம் வேண்டும், விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். இந்தியத் துணைத் தூதரகம் கண்டியில் இருந்ததால் மலைநாடு முழுவதும் கண்டிக்கு வந்து இறங்கியது. வாழ்க்கையில் கமராவைக் கண்டிராத கிழவிகள், கங்காணிகள், கொழுந்து பறித்த கறையோடு விரல்கள், பால்காரர்கள். நூறு வருஷமாக மலைப் படங்களில் சின்னப் புள்ளிகளாகத் தூரத்தில் நின்றவர்கள் முதல் தடவையாக லென்சுக்கு நேரே வந்து உட்கார்ந்தார்கள். பின்னால் வெள்ளைத் துணி. மலை இல்லை, தேயிலை இல்லை, மாடு இல்லை.

ஸ்டூடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. சட்டை கிழிந்தவர்களுக்கு அதை மாட்டிவிடுவோம். ஒரே கோட்டு, ஆயிரம் பேர். அந்தக் காலத்து இந்திய பாஸ்போர்ட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கக் கிடைத்தால் அந்தக் கோட்டின் இடது கொலரில் இருந்த பீடிச் சூட்டை வைத்து இது எங்கள் ஸ்டூடியோ என்று சொல்லிவிடுவேன்.

இதே வருஷங்களில்தான் ஒரு பாதிரியார் மூலம் வடக்கு ஐரோப்பாவின் கறுப்பு வெள்ளைப் படங்கள் என் கைக்கு வந்தன. பால் ஸ்ட்ராண்ட் என்ற அமெரிக்கர் 1954இல் ஸ்கொத்லாந்தின் மேற்கே சவுத் யூஸ்ட் தீவில் தங்கி எடுத்து 1962இல் புத்தகமாகப் போட்டவை. காற்றடிக்கும் கடற்கரை மேய்ச்சல், கல் வீடு, கரடுமுரடான மனிதர்கள். ஒவ்வொரு முகத்தையும் சுவரோடு நிறுத்தி, நிதானமாக, சுருக்கம் சுருக்கமாக எடுத்திருந்தார். பல வருஷம் கழித்து ஜேம்ஸ் ரவிலியஸின் வட டெவன் படங்களையும் பார்த்தேன். 1972 முதல் பதினேழு வருஷம் ஒரே பகுதியைச் சுற்றி வந்தவர். சூரியனுக்கு எதிரே கமராவைப் பிடித்து, பனிமூட்டத்தில் ஆட்டை ஓட்டிவரும் மனிதனை எடுப்பார். அதற்கென்று பூச்சில்லாத பழைய லைக்கா லென்சைத் தேடி வைத்திருந்தார். அது நிழலுக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கசியவிடும். தொழில் தெரிந்தவனுக்கு அது பெரிய பாடம். எனக்குத் தோன்றியது வேறொன்று: எங்கள் மலையை ஆண்ட துரைமார் எத்தனை பேர் அந்த வடக்கத்திய மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்தவர்கள்! மாட்டுக்காரனின் முகம் அவர்களுக்குப் புதிதா?

இங்கே முகத்தைப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் தமிழ் வேலையாட்களை எடுத்த படங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்தில் டெனிசனை எடுத்த அதே கையால் எடுத்தவை, பெயர் மட்டும் இல்லை. 1879இல் இறந்து, பொகவந்தலாவ தேவாலயத்தில் கிடக்கிறார். லயனல் வென்ட் இருக்கிறார், 1900இல் பிறந்து 1944இல் போய்விட்டார். ரோலிபிளெக்சும் லைக்காவுமாக அலைந்து, உழைக்கிற உடம்பின் மேல் வெளிச்சம் எப்படி வழியும் என்பதைக் காட்டினார். பசில் ரைட்டின் 1934ஆம் ஆண்டு இலங்கைப் படத்தில் ரொபர்ட் நொக்சின் பழைய ஆங்கிலத்தை வாசித்த குரலும் அவருடையது. அந்தப் படத்துக்குக் காசு போட்டது தேயிலைப் பிரசார சபை. வென்ட் செத்த பிறகு அவருடைய நெகடிவ்களை அழித்துவிட்டார்கள் என்று கேட்டபோது எனக்கு ஒரு வேளை சோறு இறங்கவில்லை.

நானும் ஒரு ரோல் எடுத்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறின. என் சின்னமாமாவும் போனார். 1980இல் மொதலாளியிடம் யஷிகாவை இரவல் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். வவுனியாவுக்கு வடக்கே, குளத்தடி. கோப்பிக் காலத்தில் எங்கள் முப்பாட்டன்மார் மன்னாரில் இறங்கி, காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் பலரைக் காட்டில் விட்டுவிட்டு, மாத்தளைக்கு நடந்து வந்தது அந்த வடக்குப் பக்கத்து வழியால்தான். மாமா அதே திசையில் திரும்பிப் போயிருந்தார்.

மலையில் பிறந்தவனுக்கு அந்த வெளி பயங்கரமாக இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் முட்டுக்கொடுக்க மலை இல்லை. வற்றிய குளத்தின் அடியில் வெடித்த களி, தூரத்தில் பனைகள், பாதிக்கு மேல் வானம். மாமா ஊர்க்காரர்களின் மாடுகளைப் பங்குக்கு மேய்த்தார். பிறக்கும் கன்றில் அவருக்கு ஒரு கணக்கு. சின்னச் சின்ன நாட்டு மாடுகள், தொடையில் சொந்தக்காரரின் எழுத்தைச் சுட்ட குறி. பொழுது சாய முள்வேலிப் பட்டிக்குள் அடைத்து, ஈ கொசுவுக்குப் புகை போடுவார். அறுவடை முடிந்த வயற்காரர்கள் எங்கள் நிலத்தில் நாலு இரவு பட்டி அடையுங்கோ என்று வந்து கேட்பார்கள். மலையில் சாணியைத் தலையில் சுமந்த சாதி. இங்கே மாடே நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தது. மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பன்னிரண்டு படம்தான் ரோலில். வானம் வெளுத்துப் போகாமலிருக்க மஞ்சள் பில்டர் போட்டேன். முதல் நாலும் மாட்டையே எடுத்துவிட்டேன், பழக்க தோஷம். ஐந்தாவதில் மாமாவை முன்னால் நிற்கச் சொன்னேன். அவர் சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, கையை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டார். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி.

"மாமா, நீங்க பாட்டுக்கு மாட்ட பாருங்க."

"மாட்ட பாத்தா மொகம் எப்பிடிடா விழும்?"

கடைசியில் விழுந்தது. பன்னிரண்டாவது படம். பட்டிக்குள் புகை கிளம்பும் நேரம், சூரியன் முன்னால், ஈன்று இரண்டு நாளான கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். தாய்ப்பசு அவர் முழங்கையை நக்கிக்கொண்டே பின்னால். அறுபதில் ஒரு விநாடி. பசுவின் காது கொஞ்சம் கலைந்திருக்கிறது, முகம் நின்றுவிட்டது.

பிறகு அந்தப் பட்டிக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். யுத்தம் ஒரு பக்கம். 1946க்குப் பின் இந்த நாட்டில் இல்லாமலிருந்த வெக்கை நோய், 1987இல் இந்திய அமைதிப்படைக்கு இறைச்சிக்காக வந்த ஆடுகள் வழியாகத் திரும்ப வந்தது இன்னொரு பக்கம். 1994 வரை அது மாட்டைத் தின்றது. உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2011இல் அறிவித்தார்கள். பேப்பரில் ஒரு மூலையில் படித்தேன்.

அந்தக் கரத்தைப் படத்தைக் கொப்பி எடுத்துக் கொடுத்த இரவு, என் பழைய பெட்டியைத் திறந்தேன். ஸ்டூடியோ மூடியபோது எடைக்குப் போகவிருந்த நெகடிவ் உறைகளில் கொஞ்சத்தை நான் காப்பாற்றி வைத்திருந்தேன். அதில் அப்பாவுடையது இருக்கிறது. 1973, பாணுக்கு விடிய முன்பே வரிசை நின்ற வருஷம். தோட்டத்தில் பட்டினி. இந்தியாவுக்கே போய்விடுவோம் என்று எழுதிப் போட்டு, அப்பா படத்துக்கு வந்தார். நான்தான் கோட்டை மாட்டிவிட்டேன், மொதலாளி எடுத்தார். அப்பாவின் பாஸ்போர்ட் வந்தது. அண்ணன் குடும்பத்தோடு தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறினான். அப்பா இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, 1979இல் லயத்திலேயே கண்ணை மூடினார். பாஸ்போர்ட்டை அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை.

யஷிகாவில் படம் சதுரமாக விழும். பாஸ்போர்ட்டுக்குத் தலையும் தோளும் போதும், மீதியை வெட்டிவிடுவோம். அப்பாவுடையதையும் நான்தான் வெட்டினேன், ஐம்பது வருஷத்துக்கு முன். முழுச் சதுரத்தையும் அன்றுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோட்டு இடுப்போடு முடிகிறது. அதற்குக் கீழே சாரம். மடியில் இரண்டு கை. இடது கையில் சுருட்டிப் பிடித்த ஒரு கயிறு, நடுவில் முடிச்சு, முடிச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் மாட்டு மயிர்.

அன்றைக்குக் காலையில் மயிலையை விற்றுவிட்டு வந்திருக்கிறார். நம் ஆட்கள் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்.